தடை ஆலைக்குத்தான், சித்தப்பாவுக்கு இல்லை

காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த சித்தப்பா, நான்காக மடித்த வங்கி நோட்டீசை நீட்டினார். மடிப்பில் வெற்றிலைச் சுண்ணாம்புக் கறை. “மாங்கூழ் ஆலை மேல் யாரும் வழக்குப் போடக் கூடாது என்று சென்னைத் தீர்ப்பாயம் தடை போட்டுவிட்டதே, பிறகு எனக்கு ஏன் வருகிறது?”

ஆலையின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர். 2016 திவால் சட்டத்தின் 14-வது பிரிவு தரும் தடை, கடன் வாங்கிய கம்பெனிக்கு மட்டும். ஜாமீன்தாரரை அது காக்காது என்று 2018-இல் சட்டத்தைத் திருத்தியே எழுதிவிட்டார்கள். அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கம்பெனியை மீட்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தாலும் ஜாமீன் தானாகக் கழன்றுவிடாது என்பது 2021 தீர்ப்பு. செக் திரும்பிய வழக்கிலும் இதே கதைதான்: கம்பெனி மீதான வழக்கு நின்றுபோகும், கையெழுத்திட்ட இயக்குநர் மீதானது ஓடும்.

முதலாளிகள் விஷயத்தில் இது சரி என்றே நினைக்கிறேன். ஆலையைத் திவாலாக்கிவிட்டு, அதன் போர்வைக்குள்ளேயே தாங்களும் ஒளிந்துகொள்ள விடக் கூடாது.

சித்தப்பா முதலாளியா? ஆலைக்குப் பெங்களூரா ரக மாங்காய் லோடு அனுப்பியவர். காய்க்குப் பணம் உடனே தருகிற ஆலை முதலாளி கேட்கிறாரே என்ற முகதாட்சண்யத்தில், மஞ்சள் சீட்டு ஒட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டார். பக்கம் முழுக்க ஆங்கிலம். யாரும் படித்துச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. 1872 ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். வங்கி ஆலையை விட்டுவிட்டு நேராக அவரிடம் வரலாம். கட்டியதை ஆலையிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். திவாலான ஆலையிடம்!

அமெரிக்கத் திவால் சட்டத்தின் 13-வது அத்தியாயத்தின் கீழ் தனிநபர் மனுப் போட்டால், அவருடைய குடும்பச் செலவுக் கடனுக்கு அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டவரையும் தடை காக்கிறது. தொழில் கடனுக்கு அங்கும் இல்லை. நான் அவ்வளவு கேட்கவில்லை. முதலாளியின் சொத்தை விற்ற பிறகே வெளியாளின் தோப்பில் கை வைக்க வேண்டும் என்று ஒரு வரி போதும்.

கம்பெனிகளின் ஜாமீன்தாரர்கள் தங்கள் பெயரில் தனியே திவால் மனுப் போடும் வழி 2019 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. சொன்னேன். சித்தப்பா நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “நான் திவால் என்று நானே எழுதிக் கொடுக்கவா? அடுத்த மாதம் பேத்திக்கு நிச்சயம் வைத்திருக்கிறோம்.”