ஆணி ஊறுகாய்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு பழைய பெயிண்ட் வாளி இருக்கிறது. உள்ளே துருப்பிடித்த ஆணிகள், உடைந்த தாழ்ப்பாள் ஒன்று, அரைக் கிலோ வெல்லம், தண்ணீர். இன்றோடு பதினெட்டு நாள். அம்மா அதற்கு வைத்திருக்கும் பெயர் ஆணி ஊறுகாய். "உங்க மாடில ஏதாச்சும் செத்துக் கிடக்கா?" என்று பக்கத்து வீட்டில் ஒருமுறை கேட்டுவிட்டார்கள். நுரைத்துப் பொங்குவதால் மூடியை இறுக்கவும் முடியாது. துணியைக் கட்டி வைத்திருக்கிறேன்.

துணியில் மூங்கில் பேனாவால் வரையும் கலம்காரியில் கறுப்புக் கோடு போட இதுதான் சாயம். வெல்லம் புளித்து அமிலமாகும், அமிலம் இரும்பைக் கரைக்கும். அந்த நீரைக் கடுக்காயில் ஊறிக் காய்ந்த துணியில் தொட்டால் கறுத்துவிடும். நான் பி.எஸ்சி வேதியியல் மூன்றாம் ஆண்டு. டானின், அதாவது கடுக்காயில் இருக்கிற துவர்ப்புப் பொருள், இருக்கிறதா என்று பார்க்க ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பைச் சொட்டுவிட்டு, கருநீலம் வந்ததும் ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது எங்கள் லேபில் வழக்கம். அதே சங்கதியை வைத்து, கும்பகோணத்திலிருந்து அதிக தூரமில்லாத சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலில் தொங்கவிடும் குழாய் வடிவத் தொம்பைக்கும் தேர்ச்சீலைக்கும் தலைமுறை தலைமுறையாகக் கோடு போட்டுவருகிறார்கள் என்று இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். இந்த வகைக் கலம்காரிக்கு, கருப்பூர் கலம்காரி என்ற பெயரில், 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தபோது அதைப் படிக்காமலே விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்பு. பந்தியில் பெரியம்மா கேட்டார்: "இப்ப எதுல இருக்க? பென்சிலா, களிமண்ணா?"

சொன்னேன்.

"ஒண்ணுலயாச்சும் நில்லேன்டி."

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் இலையிலிருந்து அத்தை: "ரெசின் பண்ணு. கல்யாண மாலையை ரெசின்ல போட்டுக் குடுக்குறாங்கல்ல, அதான் இப்ப ஓடுது. இல்லாட்டி மெஹந்தி கத்துக்க. முகூர்த்த மாசத்துல மூச்சுவிட நேரம் இருக்காது." அப்புறம் சித்தப்பா, லோயர் ஹையர் டிராயிங் பரீட்சை எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் உதவும் என்றார். எல்லோருமே என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் யாருக்கும், வெறுமனே செய்துபார்க்கிறேன் என்ற பதில் போதவில்லை. திடீரென்று அம்மா, "நான் முப்பது வருஷமா தினம் கோலம் போடுறேன், எனக்கு எவ ஆர்டர் குடுத்தா?" என்றாள். பந்தியே சிரித்தது. எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும், அந்த வாளியை எப்போது கொட்டித் தொலைப்பாய் என்று கேட்டாள்.

ஆக, என்னிடம் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி. இதில் காசு வருமா? ஏன் ஒன்றில் நிற்கமாட்டேன் என்கிறாய்?

காசுக் கதையை முதலில் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு விடுமுறையில் பென்சிலில் ஆரம்பித்தேன். அதுவரை பென்சில் என்றால் எச்பி மட்டும்தான். ஈயக்குச்சியில் களிமண் கூடினால் கடினமாகி எச் வரிசை, கிராஃபைட் கூடினால் மெதுவாகி பி வரிசை என்று தெரிந்த அன்றைக்குக் கடைக்குப் போய் 2பி, 4பி, 8பி மூன்றும் வாங்கிவந்தேன். வீட்டில் இருக்கிற எல்லா முகத்தையும் வரைந்தேன். தாத்தா தூங்கும்போது வரைந்ததுதான் இன்றுவரை என் நல்ல படம். வாய் லேசாகத் திறந்திருக்கும்.

கல்லூரி முதல் வருஷம் ஒரு ஆர்டர் வந்தது. திருமண நாள் பரிசு, ஏ4 அளவு, 800 ரூபாய். வாட்ஸப்பில் ஒரு மங்கலான புகைப்படம் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து முடித்து அனுப்பினால், "கொஞ்சம் கலரா போடுங்க சிஸ்டர்" என்று பதில். பென்சில் படத்தில் எப்படிக் கலராகப் போடுவது என்று முதலில் புரியவில்லை. புரிந்தபோது சங்கடமாக இருந்தது. அந்த அக்காவின் கன்னத்தில் நான் போட்டிருந்த நிழல் முழுவதையும் அழித்தேன். பிறகு மூக்கை எடுப்பாக்கச் சொன்னார்கள். பிறகு அண்ணனின் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். மூன்றாவது தடவை அழித்தபோது தாளின் சொரசொரப்பே போய்விட்டது, பென்சில் வழுக்கியது. கடைசியில் வந்தது அந்த இரண்டு பேர் இல்லை, வேறு யாரோ. அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 800 ரூபாயும் சொன்ன நேரத்துக்கு வந்தது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் அதன் பிறகு நான்கு மாதம் பென்சிலைத் தொடவில்லை. தாத்தாவை வரைய உட்கார்ந்தால்கூட, வாயை மூடிப் போடலாமா என்று யோசித்தேன்.

இதைச் சொல்வதால் விற்பவர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வகுப்பிலேயே ஒருத்தி மெஹந்தி போட்டுத்தான் ஹாஸ்டல் கட்டணம் கட்டுகிறாள். அவள் கை வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு அப்பா கட்டுகிறார், அதனால் வாளியில் ஆணி ஊறப்போட நேரம் இருக்கிறது. அந்த வித்தியாசம் தெரியாமல் எழுதவில்லை.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறதே, கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-ல் தொடங்கியது. முழுநேர ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய இடம். அவர்களும் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். சாப்பாட்டுக்கு அது, தனக்கென்று வரைவது தனி. அவ்வளவு பெரிய ஆட்களே இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்திருக்கும்போது, பொழுதுபோக்காகச் செய்கிற என்னிடம் மட்டும் ஏன் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கச் சொல்கிறீர்கள்?

அந்த 800 ரூபாயில் வாங்கியது வாட்டர்கலர் தாள். 300 ஜிஎஸ்எம், அதாவது நல்ல தடிமன், முழுப் பருத்தி. விலையைப் பார்த்து ஒவ்வொரு தாளையும் நான்காகக் கிழித்துக்கொண்டேன். வாட்டர்கலர் பென்சிலுக்கு நேர் எதிர். பென்சிலில் அழிக்கலாம். இங்கே வெள்ளை என்பது பூசுகிற நிறமே இல்லை, பூசாமல் விட்டுவைத்த தாள். எங்கே தொடக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள். என் படத்தில் ஏழுக்கு மேல் வந்ததில்லை, அதற்குள் வானம் வழிந்து வந்து மண்டபத்தில் கலந்துவிடும். அடுத்த மகாமகம் 2028-ல். அதற்குள் பதினாறும் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

ஆனால் அந்த ஈரத்தோடு மல்லுக்கட்டிய பிறகுதான் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களைப் பற்றிப் படித்தது மண்டையில் ஏறியது. கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதைப் பள்ளியில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்தேன். சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டிய முறை அது. காய்ந்தால் நிறம் பிடிக்காது. கால் தாளில் வானம் காய்வதற்குள் எனக்குக் கை நடுங்குகிறது. அவர்கள் ஆள் உயரச் சுவரில், அந்த இருட்டில், எந்தத் தைரியத்தில் முதல் கோட்டை இழுத்திருப்பார்கள்? அந்த உட்சுற்றுக்குள் பொதுமக்களை விடுவதில்லை, நான் பார்த்தது புகைப்படத்தில்தான். இருந்தாலும் இப்போது பார்க்கும்போது கண் முதலில் போவது கோட்டின் ஓட்டத்துக்கு.

அக்ரிலிக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சீக்கிரம் காய்ந்துவிடும். பிரஷைக் கழுவ மறந்து தூங்கிவிட்டேன், இரண்டு பிரஷ் போயிற்று. பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் பூசுவது போல இருந்தது, விட்டுவிட்டேன்.

களிமண் அப்படியில்லை. ஒரு ஐயனார் குதிரை செய்து, காலைத் தடியாகவும் காதை மெல்லிசாகவும் வைத்து, அவசரத்தில் வெயிலில் காயவைத்தேன். மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்க, தடித்த இடம் ஈரமாகவே நிற்க, கழுத்தில் விரிசல் விட்டுத் தலை விழுந்தது. ஆனால் ஒன்று. காது என்பது முகத்தின் ஓரத்தில் போடும் கோடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். களிமண்ணில் ஒட்டவைத்துப் பார்த்தபோதுதான் அதற்குப் பின்பக்கம் இருப்பது விரலுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு பென்சிலில் வரைந்த முகங்களில் காது சரியாக உட்கார்கிறது.

ஏன் ஒன்றில் நிற்கவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் காதுதான்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு ஸ்தபதி மாமா, சுவாமிமலைப் பட்டறைக்குப் போய்வருகிறவர். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, அச்சை உடைத்து எடுப்பார்கள். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். "மெழுகு என் கைக்குப் பழகவே பத்து வருஷம் ஆச்சும்மா. நீ ஆறு மாசத்துல எந்திரிச்சுப் போயிடுற" என்றார். அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எல்லோரும் என்னைப் போல மேய்ந்துகொண்டிருந்தால் சுவாமிமலையில் ஒரு விரல்கூட வார்க்க முடியாது. ஆனால் அது அவர் தொழில். என்னை நான் ஓவியர் என்று எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. இன்ஸ்டாவில் பேஜ் இல்லை. மாலையில் தோழி சாவித்திரியோடு அரட்டை அடிக்கப் போகிறவளை, நட்பில் என்ன சாதித்தாய் என்று யாரும் கேட்பதில்லையே. அந்தச் சலுகையைத்தான் நானும் கேட்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மாமா வாரத்துக்கு ஒருமுறை மாடியேறி வந்து வாளியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். பட்டறையிலிருந்து இரும்புத் துண்டு கொண்டுவந்து போட்டதும் அவர்தான்.

இன்று காலை கொஞ்சம் வடிகட்டி எடுத்தேன். தாத்தாவின் பழைய வேட்டித் துணி, கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்தது. மூங்கில் குச்சியில் நூல் சுற்றிப் பேனா. தொட்டு இழுத்தால் வெளிர் பழுப்பாக இறங்கிய கோடு கண்ணெதிரே கறுத்தது. மூன்று வருஷம் சோதனைக் குழாயில் பார்த்ததுதான், ஆனாலும் கத்திவிட்டேன். அடுத்த நொடி கோடு பரவ ஆரம்பித்தது. நான் வரைந்தது யாளி, துணியில் இருப்பது கம்பளிப்பூச்சி. பாலில் இருக்கிற கொழுப்புதான் சாயம் பரவாமல் பிடித்து நிறுத்துமாம், எருமைப்பால் வேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான். நான் ஊற்றியது பாக்கெட் பால், அதிலும் பாதி தண்ணீர்.

சத்தம் கேட்டு அம்மா மாடிக்கு வந்தாள். துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காபிக்குப் பால் எங்க போச்சுன்னு காலையிலேருந்து தேடுறேன்" என்றாள்.

பால்காரரிடம் எருமைப்பால் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார்.