எச்சிலுக்கு முப்பத்தைந்து வருஷம்

2008இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒருவருக்கு 35 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். கைது செய்ய வந்த போலீஸ்காரர் முகத்தில் துப்பினார் என்பது வழக்கு. அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அதனால் அவருடைய எச்சிலையே கொலைக்கருவி என்று ஜூரிகள் முடிவு கட்டினார்கள். அவர்மேல் பழைய வழக்குகள் இருந்ததும் தண்டனை நீண்டதற்கு ஒரு காரணம். ஆனால் எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது என்பது அந்த வருஷத்திலேயே மருத்துவத்தில் பழைய செய்தி.

நான் சொல்ல வருவது இதுதான்: எச்.ஐ.வி.க்கென்று தனியாகக் குற்றவியல் சட்டம் கூடாது. இருக்கிற நாடுகள் அதை எடுத்துவிட வேண்டும்.

"அப்போ தெரிஞ்சே பரப்பினவனை விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏமாற்றப்பட்டவரின் கோபத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. இங்கிலாந்தின் பிரைட்டனில் ஒருவன் சிகிச்சையை மறுத்துவிட்டு, ஆணுறையைக் கிழித்து வைத்து, பலருக்குத் தொற்றை ஏற்படுத்தினான். 2018இல் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குறைந்தது 12 ஆண்டு கழித்துத்தான் விடுதலை பற்றிப் பேசவே முடியும். எந்தச் சட்டத்தில்? வேண்டுமென்றே கொடுங்காயம் ஏற்படுத்துவதற்கான 1861ஆம் ஆண்டுச் சட்டத்தில். எச்.ஐ.வி. என்ற பெயரே இல்லாத காலத்துச் சட்டம் அது. கெட்ட எண்ணம், நடந்த சேதம் இரண்டையும் நிரூபித்தார்கள், தண்டித்தார்கள். தனிச் சட்டம் தேவைப்படவில்லை.

தனிச் சட்டங்கள் செய்வது வேறு. பல இடங்களில் அவற்றுக்குக் கெட்ட எண்ணமும் வேண்டாம், தொற்றும் வேண்டாம். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைத் துணையிடம் "சொல்லவில்லை" என்பது ஒன்றே போதும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒருவர் ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஆணுறையும் போட்டிருந்தார். உடனிருந்தவருக்குத் தொற்றவும் இல்லை. அவருக்கு 25 ஆண்டு! பிறகு அதைக் குறைத்து நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள், ஆனால் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. 2014இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அதே வருஷம் சட்டத்தையும் மாற்றினார்கள். யாருக்கும் எதுவும் ஆகாத ஒரு இரவுக்கு இவ்வளவு.

அப்புறம், நிரூபணம். "சொன்னேன்", "சொல்லவில்லை" என்ற பேச்சு நடக்கும் அறையில் மூன்றாவது ஆள் கிடையாது. சரி, மரபணுப் பரிசோதனை இருக்கிறதே என்பார்கள். இருவரின் வைரஸும் நெருங்கியவை என்று அது காட்டும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் வேறு ஒருவர் இருந்தாரா என்பதை அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. தொடர்பே இல்லை என்று காட்டுவதில்தான் அதற்கு உறுதி அதிகம். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பார்ட்னர் ஆய்வைப் பாருங்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மருந்தால் வைரஸ் அடங்கியிருக்கும், மற்றவருக்குத் தொற்று இல்லாத 782 ஆண் இணையர்கள். ஆணுறை இல்லாத உறவு சுமார் 76,000 தடவை. துணையிடமிருந்து பரவியது பூஜ்யம். ஆனால் அந்தக் காலத்தில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. அந்த வைரஸ்கள் எதுவும் துணையின் வைரஸோடு ஒத்துப்போகவில்லை. ஆய்வுக்கூடம் பார்த்ததால் தெரிந்தது. பார்க்காமல் நேராகக் கோர்ட்டுக்குப் போயிருந்தால் அந்தப் பதினைந்து துணைகளின் கதி என்ன?

பயந்துபோன அரசு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லிபியா போதும். பெங்காசி குழந்தைகள் மருத்துவமனையில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. வந்தது. வேண்டுமென்றே ஏற்றினார்கள் என்று ஐந்து பல்கேரிய நர்சுகளையும் ஒரு பாலஸ்தீன மருத்துவரையும் பிடித்தார்கள். சித்திரவதை செய்துதான் ஒப்புதல் வாங்கினார்கள் என்று அவர்கள் கடைசிவரை சொன்னார்கள். இரண்டு முறை மரண தண்டனை. அந்த வைரஸ் வகை, இவர்கள் 1998 மார்ச்சில் வேலைக்குச் சேரும் முன்பே அங்கே பரவிக்கொண்டிருந்தது என்று 2006இல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். நிபுணர்கள் கைகாட்டியது மருத்துவமனையின் சுகாதாரக் கேட்டை. 2007இல் விடுதலையாகும்போது எட்டு வருஷம் போயிருந்தது. குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான், அது புரிகிறது. அரசுக்கும் தேவைப்பட்டதுதான் கொடுமை.

பெண்களைக் காப்பாற்றவே இந்தச் சட்டங்கள் என்று வாதாடுவோரும் உண்டு. எனக்கு இதில்தான் ரொம்பக் கோபம். வீட்டில் முதலில் பரிசோதனை செய்யப்படுவது பெரும்பாலும் கர்ப்பிணிதான். கணவனுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. முடிவு அவள் கையில் முதலில் வருவதாலேயே, "தெரிந்தவள்" என்று சட்டம் முதலில் அடையாளம் காண்பதும் அவளைத்தான். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது அடுத்த பேச்சு. வீட்டில் சொன்னால் அடி, சொல்லாவிட்டால் சிறை. ஜிம்பாப்வே இந்தச் சட்டத்தை 2022இல் நீக்கியது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது: சொன்னால் வன்முறையோ கைவிடப்படுவதோ நேரும் என்று நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், மருத்துவர்கூடத் துணையிடம் தெரிவிக்கக் கூடாது.

மற்ற நோய்களிலும் இதே புத்திதான். கொரோனா முதல் அலையில் டெல்லி தப்லீக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டினர் மீது பல மாநிலங்களில் வழக்குப் போட்டார்கள். 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தன்முன் வந்த வழக்குகளை ரத்து செய்து, இவர்களைப் பலியாடு ஆக்கியிருக்கிறார்கள் என்று சொன்னது. வைரஸ் பாட்டுக்குப் பரவிக்கொண்டுதான் இருந்தது.

இதில் என்னோடு பொதுவாக ஒத்துப்போகும் நண்பர்களும் முரண்படும் ஒரு இடம் உண்டு. கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் அலட்சியம். மருந்து எடுக்கவில்லை, ஆணுறை இல்லை, சொல்லவும் இல்லை, துணைக்குத் தொற்றிவிட்டது. பொதுச் சட்டத்தில் தண்டிக்கலாம் என்கிறார்கள் அவர்கள். கூடாது என்கிறேன் நான். பரிசோதனையே செய்துகொள்ளாமல் அதையே செய்தவர் "எனக்குத் தெரியாது" என்று வெளியே போய்விடுவார், பரிசோதனைக்கு வந்தவர் மாட்டிக்கொள்வார். அப்படியானால் ஏமாற்றப்பட்டவருக்கு என்ன பதில் என்று திருப்பிக் கேட்கிறார்கள். சிகிச்சையும் நஷ்டஈடும் என்கிறேன். அது போதாது என்கிறார்கள்.