அப்போஸ்டில் இருந்தால் துபாய்க்கும் போதுமா?

அண்ணாச்சி, சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டில் காட்ட நம் வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரையை வாங்கிவிட்டால் துபாய் உட்பட எல்லா நாட்டிலும் சான்றிதழ் செல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முத்திரையை ஏற்க நாடுகள் செய்துகொண்ட ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குத்தான் அது பொருந்தும். இந்தியா 2005இல் இருந்து அதில் இருக்கிறது, ஐக்கிய அரபு அமீரகம் இல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பட்டமோ திருமணச் சான்றோ, நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்துக்கு அப்புறம் அமீரகத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும். அதற்காக வளைகுடா முழுக்க இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது: ஓமனும் பஹ்ரைனும் ஒப்பந்தத்தில் உண்டு, சவுதியும் 2022இல் வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் நர்சிங் முடித்த பிள்ளைகள், அப்போஸ்டில் எங்கும் போதும் என்று நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. ஹேக் மாநாட்டு அமைப்பின் இணையதளத்தில், அப்போஸ்டில் பகுதியில், உறுப்பு நாடுகளின் பட்டியல் இருக்கிறது. போகப்போகும் நாட்டின் பெயர் அதில் உண்டா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.