அதில் பழச்சாறு கலக்கவில்லை

சனிக்கிழமை டப்ளினில் நம் விஸ்கிக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். நான் கொண்டுபோனது, கால்வடோஸ் என்ற ஆப்பிள் பிராந்தி இருந்த பீப்பாயில் வைத்த ஐரிஷ் விஸ்கி. அதை நாக்கில்கூட வைக்காமல், "இது பழரசம் கலந்தது, இதையெல்லாம் விஸ்கி என்று கொண்டுவராதீர்கள்" என்று ஒருவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். நாலு பேர் சிரித்தார்கள். அன்று ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்னும் ஆறவில்லை.

கலக்கவில்லை. எதையும் கலக்கவில்லை. தண்ணீரும் நிறத்துக்குச் சேர்க்கும் கேரமலும் தவிர வேறு எதைச் சேர்த்தாலும் அதற்கு ஐரிஷ் விஸ்கி என்று பெயர் வைக்கச் சட்டம் விடாது. அயர்லாந்துத் தீவிலேயே குறைந்தது 3 ஆண்டு மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். கால்வடோஸ் என்பது பிரான்சின் நார்மண்டியில் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து, வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு வைக்கிற பிராந்தி, பேரிக்காயும் சேர்வதுண்டு. அது காலியான பீப்பாயில், ஏற்கெனவே முதிர்ந்த விஸ்கியை ஊற்றிச் சில மாதம் வைக்கிறார்கள். அவ்வளவுதான்.

போர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள்தான் அயர்லாந்துக்கு வருகின்றன. அதை யாரும் கலப்படம் என்பதில்லை. ஷெர்ரி என்ற ஸ்பெயின் மது இருந்த பீப்பாய் என்றால் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். ஷெர்ரி எதிலிருந்து வருகிறது? திராட்சை பழமில்லையா?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கிடங்கில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்த பெரியவர் கால்வடோஸ் பீப்பாயைக் கவிழ்த்து, சொட்டுவது நிற்கும்வரை காத்திருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு மூடித் துளையில் மூக்கை வைக்கச் சொன்னார். சுட்ட ஆப்பிள் தோல், கொஞ்சம் கிராம்பு, ஈர மரம். அதன் பிறகே விஸ்கியை நிரப்பினார். சனிக்கிழமை சிரித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"மரத்தில் ஊறிய பிராந்தி விஸ்கிக்குள் வருமே?" வரும். ஷெர்ரியும் அப்படித்தான் வருகிறது. "இளம் விஸ்கியின் குறையை மறைக்கத்தானே இதெல்லாம்?" சிலர் செய்கிறார்கள், மறுக்கவில்லை. அந்த பாட்டிலைக் குடித்துப் பார்த்துத் திட்டுங்கள். "ஸ்காட்லாந்தில் விடுவார்களா?" 2019இல் விதியைத் தளர்த்தி கால்வடோஸ் பீப்பாயை விட்டுவிட்டார்கள். பிளம், செர்ரி மாதிரி உள்ளே ஒற்றைக் கொட்டை உள்ள பழங்களின் பிராந்திப் பீப்பாய்க்கு அங்கே தடை.

இந்த 'அசல்' பேச்சு புதிதில்லை. 1830இல் ஏனியஸ் காஃபி சாராயத்தை நிறுத்தாமல் தொடர்ந்து வடிக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். அதில் வடிவது விஸ்கியே இல்லை என்று டப்ளினின் பெரிய விஸ்கி ஆலை முதலாளிகள் ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு உலகச் சந்தையைப் பிடித்தார்கள். அமெரிக்க மதுவிலக்கு, பிரிட்டனுடன் வணிகச் சண்டை என்று வேறு அடிகளும் விழுந்தன, சரி. ஆனால் 1980களின் நடுவில் தீவு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தவை மிடில்டன், புஷ்மில்ஸ் என்ற இரண்டே ஆலைகள். அங்கிருந்து எழுந்து வந்தவர்கள் ஒரு பீப்பாயை மாற்றிப் பார்த்தால் உங்களுக்கு என்ன கோபம்?

அடுத்த முறையும் அதே பாட்டிலைக் கொண்டுவருவேன். குடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் எனக்கு வருத்தமே இல்லை. குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.