ஜகாத்தை வரிசையில நிக்க வச்சு குடுக்காதீங்க

ரமலான் கடைசி பத்து வந்துட்டா நம்ம ஊர்கள்ல வசதியான வீட்டு வாசல்ல ஒரு வரிசை நிக்குது. உச்சி வெயில்ல, நோன்பு வச்சுக்கிட்டு, கைக்குழந்தையோட பெண்கள். உள்ள இருந்து ஒருத்தர் வந்து ஆளுக்கு 100 ரூபாயோ ஒரு சேலையோ குடுப்பாரு, பக்கத்துல இன்னொருத்தர் செல்போன்ல வீடியோ எடுப்பாரு. எங்க தெரு ராத்தா (அக்கா) ஒருத்தவங்க அந்த வரிசையில துப்பட்டியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுட்டு செவுத்தைப் பார்த்து திரும்பி நின்னாங்க, மகனோட காலேஜ் பசங்க யாராச்சும் வீடியோவைப் பார்த்துடுவாங்களோன்னு பயம்.

இதை ஜகாத்னு, அதாவது வசதியுள்ள முஸ்லிம் வருஷா வருஷம் கட்டாயம் குடுக்க வேண்டிய தர்மம்னு சொல்றதை என்னால ஏத்துக்கவே முடியல.

ஜகாத் நாம பெரிய மனசு பண்ணி குடுக்கறது இல்லைங்க. யாசிக்கறவங்களுக்கும் வாய் திறந்து கேட்காத ஏழைகளுக்கும் நம்ம சொத்துல உரிமை இருக்குன்னு குர்ஆன் (51:19) சொல்லுது. 85 கிராம் தங்கத்தோட மதிப்புக்கு சேமிப்பு இருந்து (வெள்ளியோட மதிப்பை வச்சு கணக்கு எடுக்கற ஆலிம்களும், அதாவது மார்க்க அறிஞர்களும் இருக்காங்க) ஒரு சந்திர வருஷம் ஓடிடுச்சுன்னா அதுல 2.5 சதவீதம் நம்ம காசே இல்லை. லட்சத்துக்கு 2,500. அவங்க காசை அவங்ககிட்ட குடுக்கறதுக்கு எதுக்கு வரிசை, எதுக்கு வீடியோ?

விளைச்சலுக்கு கணக்கு வேற. மழையில தானா விளைஞ்சா பத்துல ஒண்ணு, நாம தண்ணி இறைச்சு பாய்ச்சினா இருபதுல ஒண்ணு. உழைப்பு கூடினா குடுக்க வேண்டியது பாதியா குறையுது, இவ்ளோ நுணுக்கமா பார்த்து வச்ச மார்க்கத்துல நாம சில்லறை மாத்தி வச்சுக்கிட்டு கடமையை முடிக்கிறோம்.

ஜகாத் யாருக்குன்னு குர்ஆன் 9:60ல எட்டு வகையினரை சொல்லியிருக்கு, அதுல கடன்ல மூழ்கினவங்களும் ஒரு வகை. இன்னைக்கு நம்ம தெருக்கள்ல அது யாருன்னு தேடவே வேண்டாம், குழு லோன் வாங்கிட்டு வாரா வாரம் டியூ கட்ட முடியாம கதவை சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்கற பெண்கள்தான். 500 பேருக்கு 100 ரூபான்னு பிரிக்கற 50,000த்தை அப்படி ஒரே வீட்டுக்கு குடுத்துப் பாருங்க, கடனும் அடையும், மிச்சத்துல ஒரு தையல் மிஷினும் வாங்கலாம். குடுத்தா தேவை தீர்ற அளவுக்கு குடுங்கன்னு நபித்தோழர் உமர் (ரலி) சொன்னதா வர்றதும் இதைத்தானே.

கூடப்பிறந்தவங்க கஷ்டப்பட்டா அவங்களுக்கும் ஜகாத் குடுக்கலாம், ஆனா பெத்தவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கூடாது. ஜகாத்னு சொல்லித்தான் குடுக்கணும்னும் இல்லை, மனசுல நிய்யத் (எண்ணம்) இருந்தா போதும், தங்கச்சி கையில பெருநாள் செலவுக்குன்னு சொல்லியே குடுத்துடலாம். சொந்தத்துக்கு குடுத்தா தர்மத்துக்கு ஒரு நன்மை, உறவை சேர்த்ததுக்கு ஒரு நன்மைன்னு ஹதீஸே இருக்கு.

நோன்புப் பெருநாளுக்குன்னு குடுக்கற பித்ரா தனி. வீட்டுல தலைக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ அரிசி, பெருநாள் தொழுகைக்கு முன்னாடியே போய் சேரணும், பிந்திட்டா அது சாதாரண ஸதகா, அதாவது நாமா விரும்பி குடுக்கற தர்மம்தான்.

ஸதகாவுக்கு கணக்கும் இல்லை, நாளும் இல்லை. சேலை குடுக்க ஆசைன்னா தாராளமா ஸதகாவா குடுங்க, யாரு தடுத்தா? பள்ளிவாசல் கட்டறது, மினாராவுக்கு பெயிண்ட் அடிக்கறது எல்லாமே அந்தக் காசுலதான் செய்யணும், ஜகாத் காசை அதுக்கு எடுக்கக் கூடாதுன்னுதான் பெரும்பாலான ஆலிம்கள் சொல்றாங்க.

வக்ஃபு, அதாவது சொத்தையே நிரந்தரமா தர்மத்துக்குன்னு எழுதி வைக்கறது, இன்னும் பெருசு. அரேபியாவுல கைபர்ங்கற ஊர்ல கிடைச்ச நிலத்தை என்ன பண்றதுன்னு உமர் (ரலி) கேட்டப்ப, நிலத்தை அப்படியே நிறுத்தி வச்சு விளைச்சலை தர்மம் பண்ணுங்கன்னு நபி (ஸல்) சொன்னாங்க. விக்கக் கூடாது, அன்பளிப்பா குடுக்கக் கூடாது, வாரிசுக்கும் போகாது. இன்னொரு நபித்தோழர் உஸ்மான் (ரலி) மதீனாவுல ரூமா கிணத்தை காசு குடுத்து வாங்கி எல்லாருக்கும் தண்ணிக்கு விட்டாங்க. நம்ம முன்னோர் எழுதி வச்ச வக்ஃபு கடைகள்ல இன்னைக்கும் பல இடத்துல பழைய காலத்து வாடகைதான் வருது, அந்த வாடகையை சரி பண்ணாலே எத்தனையோ பிள்ளைங்க ஃபீஸ் கட்டலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளே, ரமலானுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ரஜப் மாசமே உட்கார்ந்து மஹல்லாவுல (நம்ம பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியில) யாருக்கு என்ன கடன்னு ரகசியமா ஒரு லிஸ்ட் எடுங்க. பேரு வெளிய வர வேண்டாம், தொகை மட்டும் சொல்லுங்க. வசதி உள்ள நாலஞ்சு வீடு சேர்ந்து ஒவ்வொண்ணா அடைச்சுட்டு வருவோம், எங்க வீட்டு ஜகாத் இந்த வருஷம் ஜமாஅத்தோட பொது நிதியான பைத்துல்மாலுக்குத்தான் வருது.