அது 1982 டேப் அல்ல, 2000-ல் பதிவான ஆல்பம்

'கெமீலியன்ஸ் இசைக்குழு 1982-ல் வெறும் அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாத) கிட்டாரோடு பதிவு செய்த பழைய டெமோ (மாதிரிப் பதிவு) கிடைத்துவிட்டது, பாடல்கள் முதலில் இப்படித்தான் இருந்தன' என்ற செய்தியோடு ஓர் ஆடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. செய்தி தவறு.

அந்த ஆடியோ 'ஸ்ட்ரிப்' ஆல்பத்திலிருந்து எடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து மிடில்டனைச் சேர்ந்த இந்த போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கைத் தொடர்ந்து வந்த ராக் பாணி) குழு 1987-ல் பிரிந்தது. 2000-ல் மறுபடி சேர்ந்தபோது, தங்கள் பழைய பாடல்களையே அக்கூஸ்டிக்காகப் புதிதாக வாசித்து வெளியிட்டார்கள். அதுதான் ஸ்ட்ரிப். 2002-ல் அதே பாணியில் 'திஸ் நெவர் எண்டிங் நவ்' வந்தது.

சந்தேகம் இருந்தால் பாடல் பட்டியலைப் பாருங்கள். அதில் 'சோல் இன் ஐசோலேஷன்' இருக்கிறது. அந்தப் பாட்டு முதலில் வந்ததே 1986-ல், 'ஸ்ட்ரேஞ்ச் டைம்ஸ்' ஆல்பத்தில்! அப்புறம் எப்படி 1982 டேப்பில் இருக்கும்? ஆல்பத்தின் உறையிலும் இசை வெளியீடுகளின் விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்திலும் ஆண்டு தெளிவாக உள்ளது.

தொடக்க காலத்தில் அவர்கள் எப்படி ஒலித்தார்கள் என்று கேட்க வேண்டுமா? 1981-ல் பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீலின் நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்தவை இருக்கின்றன, 1982-ல் வந்த 'இன் ஷ்ரெட்ஸ்' சிங்கிளும் இருக்கிறது. இரண்டிலும் எலெக்ட்ரிக் கிட்டார்தான், அதுவும் எதிரொலி ததும்ப.

இவ்வளவு நல்ல குழுவை இப்படியாவது நாலு பேர் கேட்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆடியோவைப் பகிருங்கள். அந்த '1982 டெமோ' வரியை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.