ஹப்பிள் கைவிடப்பட்டதா? இல்லை

"ஒரு கைரோதான் ஓடுகிறது, ஹப்பிள் தொலைநோக்கியை நாசா கைவிட்டுவிட்டது" என்றொரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி, மறுபாதி தவறு.

2024 மே மாதம் ஒரு கைரோ தப்பான அளவுகளைக் காட்ட, தொலைநோக்கி தானாகவே ஆய்வை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு நிலைக்குப் போனது. கைரோ என்பது தொலைநோக்கி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும் கருவி. நன்றாக இருந்த இரண்டில் ஒன்றைக் கையிருப்பில் வைத்து, மற்றதை மட்டும் ஓட்டி, ஜூனிலேயே ஆய்வைத் தொடங்கிவிட்டார்கள். திசை அறிய, காந்தமானியும் சூரிய உணரியும் விண்மீன் உணரியும் துணைக்கு உண்டு.

இழப்பே இல்லையா? இருக்கிறது. இலக்கு மாற்ற நேரம் பிடிப்பதால் வாரத்துக்கு 85 பூமிச் சுற்றுகளில் நடந்த ஆய்வு சுமார் 74 ஆகக் குறைந்தது. செவ்வாயைவிட அருகில் நகரும் பொருள்களைத் தொடர முடியாது (அவற்றை அது முன்பும் அபூர்வமாகத்தான் பார்த்தது).